மரத்தில் டிரெய்டல் செய்வது: தள்ளாட்டம், எழுத்து வரிசை, ஆட்ட விதி

நூலகத்தோழி கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் டிசம்பரில் யூதர்களின் ஹனுக்கா விழாவுக்கு ஒரு மேசை போடுகிறோம். யூதக் குடும்பங்களும் மற்றவர்களும் வருவார்கள். குழந்தைகள் ஆடுவதற்கு 12 டிரெய்டல்களை மரத்தில் செய்வதாக முடிவு. டிரெய்டல் என்பது பக்கத்துக்கு ஒரு எபிரேய எழுத்துள்ள நாற்பக்கப் பம்பரம்; விழும்போது மேலே வரும் எழுத்துக்கேற்பக் காய்களை எடுக்க வேண்டும் அல்லது போட வேண்டும். மாதிரிக்குச் செய்தவை சரியாக அமையவில்லை. விவரம் இதோ:

கட்டை 25 மி.மீ. சதுரம், பைன் மரம். காம்பு 8 மி.மீ. தடிமன், மேலே 40 மி.மீ. நீண்டிருக்கிறது. கீழே ஊசிபோலக் கூர். சுற்றிவிட்ட இரண்டு மூன்று விநாடியில் தள்ளாடிச் சாய்ந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

எழுத்துகளை எந்த வரிசையில் எழுதுவது? ஒரு படத்தில் நான்காவது எழுத்து வேறாக இருக்கிறது. எது சரி?

விதிகளும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. நடுக்குவியலில் பாதியை எடு என்று எழுத்து விழும்போது, காய் ஒற்றைப்படையில் இருந்தால் பாதி எவ்வளவு? ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது. எங்களுக்கு இருப்பது அரை மணி நேரம்தான்.

மேசையில் ஒரு விளக்கச் சீட்டும் வைக்கிறோம். கிரேக்க அரசன் ஆண்டியோக்கஸ் யூதர்களின் மறைநூலான தோராவைப் படிக்கத் தடை போட்டபோது, படை வீரர்கள் வந்தால் புத்தகத்தை ஒளித்துவிட்டு இந்தப் பம்பரத்தைச் சுற்றினார்கள் என்று எழுதலாமா?

---

கடைசல்பட்டறை எழுதியது:

உங்கள் அளவுகளைப் பார்த்தாலே தெரிகிறது, காம்புதான் முதல் குற்றவாளி. 40 மி.மீ. காம்பு ஈர்ப்பு மையத்தை மேலே இழுக்கிறது. மையம் எவ்வளவு உயரமோ, நிமிர்ந்து நிற்க அவ்வளவு வேகம் தேவை. 8 மி.மீ. தடிமன் அந்த வேகத்தையும் தர விடாது. விரல் ஒரே வேகத்தில் தேய்த்தாலும் 5 மி.மீ. காம்பு 8 மி.மீ. காம்பைவிட 1.6 மடங்கு வேகமாகச் சுழலும். ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே போனால் சிறுவர் கைக்குப் பிடி கிடைக்காது, ஒடியவும் செய்யும். 5 அல்லது 6 மி.மீ. உருளைக் குச்சி எடுத்து, வெளியே 22 மி.மீ. மட்டும் விடுங்கள்.

அடுத்தது மரம். பைனில் மெதுவரியும் கடினவரியும் மாறி மாறி வரும், ஒரு பக்கம் கனத்துவிடும். பீச் அல்லது மேப்பிள் வாங்குங்கள். கணு இருக்கும் துண்டைத் தொடவே வேண்டாம்.

செய்யும் வரிசைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் கூரைச் செதுக்கிவிட்டுக் கடைசியில் காம்புக்குத் துளை போடுகிறார்கள். கூர் உள்ள துண்டை ட்ரில்லுக்கு அடியில் நேராக நிறுத்த வழியே கிடையாது. துளை சாயும், காம்பும் சாயும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் தள்ளாட்டம் போகாது. இப்படிச் செய்யுங்கள்:

நீளக் கட்டையை 25 மி.மீ. சதுரமாக இழைத்து, நான்கு மூலையையும் மூலைமட்டத்தில் பாருங்கள். முனையில் குறுக்குக்கோடு இரண்டு போட்டால் மையம் கிடைக்கும். ஆணியால் அங்கே ஒரு குழி தட்டி, முதலில் 2 மி.மீ. பிட்டால் துளைத்து, பிறகு காம்பின் அளவுப் பிட்டால் 12 மி.மீ. ஆழம் போங்கள். நேராகப் பெரிய பிட் வைத்தால் மரவரியோடு ஓடிவிடும். தூண் ட்ரில் இருந்தால் நல்லது. துளை போட்டதும் நேரான கம்பி ஒன்றைச் செருகி, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்கவும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது.

துளை சரியானதும் அந்த முனையிலிருந்து 38 மி.மீ. நீளத்துக்குத் துண்டை அறுங்கள். அறுத்த முனையிலும் குறுக்குக்கோடு. அங்கிருந்து 12.5 மி.மீ. மேலே நான்கு பக்கமும் சுற்றிக் கோடு. கோட்டிலிருந்து மையத்துக்கு 45 பாகையில் நான்கு சரிவு. ரம்பத்தால் அரை மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, மீதியை 120 எண் உப்புத்தாளில் தேய்க்கவும். தாளைச் சமமான பலகையில் ஒட்டி, ஒவ்வொரு சரிவுக்கும் பத்துத் தேய்ப்பு, பிறகு அடுத்த சரிவு என்று சுற்றி வாருங்கள். ஒரே சரிவை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கூர் மையத்தை விட்டு நகர்ந்துவிடும். 1 மி.மீ. நகர்ந்தாலே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடும்.

ஊசிக்கூர் வேண்டாம். அது மேசையில் குத்தி நிற்கும், இரண்டு நாளில் நசுங்கி ஒரு பக்கம் தட்டையாகும். 220 எண் தாளில் உருட்டி, சுமார் 1 மி.மீ. ஆரத்துக்கு மழுக்கிவிடுங்கள்.

காம்பை ஒட்டுமுன் அதன் பக்கவாட்டில் ஒரு சிறு கீறல் போடவும். இல்லையென்றால் துளைக்குள் அடைபட்ட காற்று, பசை காய்வதற்குள் காம்பை மேலே தள்ளும்.

செய்து முடித்தபின் எங்கே பிழை என்று சுழற்சியைப் பார்த்தே சொல்லலாம். முழு வேகத்திலேயே உடம்பு முழுக்க அதிர்ந்தால் கூரும் காம்பும் ஒரே கோட்டில் இல்லை. தொடக்கத்தில் அமைதியாகச் சுற்றி, சீக்கிரமே விழுந்தால் உயரம் அதிகம் அல்லது எடை குறைவு. மேசை முழுக்க வட்டமடித்து ஓடினால் கூர் தட்டையாகிவிட்டது, அல்லது மேசையே சாய்ந்திருக்கிறது. மேசைத்துணியில் எந்த டிரெய்டலும் நிற்காது. விளிம்பு உள்ள கெட்டித் தட்டு ஒன்றை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள், விழுந்து உருண்டு போகும் தொல்லையும் இருக்காது.

நம்மூர்ப் பம்பரத்தைப் போலச் சாட்டை கிடையாது என்பதால் விரலில் கிடைக்கும் வேகம் மட்டுமே முதல். கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே காம்பின் மேல் நுனியைப் பிடித்து, தட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் வைத்துச் சுண்டிவிடச் சொல்லுங்கள். உயரத்திலிருந்து விட்டால் விழும்போதே சாய்ந்துவிடும்.

---

முப்பரிமாணன் எழுதியது:

3டி பிரின்டர் இருந்தால் அதுவும் சரிதான். உள்நிரப்பு 20 விழுக்காடு போட்டால் காற்றுப்பை மாதிரி லேசாகிவிடும், 100 வையுங்கள். அச்சின் தையல் கோடு (அடுக்குகள் தொடங்கி முடியும் இடத்தில் விழும் மேடு) ஒரு முகத்தில் விழாமல் மூலையில் விழும்படி அமைக்கவும். கூரைக் கீழே வைத்து அச்சிட்டால் முதல் அடுக்கு தட்டையாகிவிடும், கையால் தேய்த்தே ஆக வேண்டும். களிமண்ணைப் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயும்போது ஒரு பக்கம் சுருங்கும், சுற்றாது. அலங்காரத்துக்கு மட்டும்.

---

கிஸ்லேவ்25 எழுதியது:

எழுத்து விஷயம். இரண்டு படமும் சரி. இஸ்ரேலுக்கு வெளியே நூன், கிமெல், ஹே, ஷின். "நெஸ் கடோல் ஹயா ஷாம்", அதாவது அங்கே ஒரு பெரும் அற்புதம் நடந்தது. இஸ்ரேலில் ஷின்னுக்குப் பதில் பே. "ஷாம்" என்பது "போ" ஆகிறது: இங்கே நடந்தது. உங்கள் நூலகத்துக்கு ஷின் போடுங்கள். இஸ்ரேலிலிருந்து யாராவது தங்கள் டிரெய்டலைக் கொண்டுவந்தால் பே எழுத்தையும் ஷின் எழுத்தையும் ஒன்றாகவே கருதலாம்.

எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடுவது. நூன் உங்களைப் பார்க்கும்படி வைத்தால், அதற்கு இடப்பக்க முகத்தில் கிமெல் வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் நூன், கிமெல், ஹே, ஷின். பழக்கத்தில் இடமிருந்து வலமாக எழுதிவிட்டால் வாசகம் தலைகீழாகும். ஆட்டம் கெடாது, ஆனால் எபிரேயம் படிக்கத் தெரிந்த குழந்தை முதல் பார்வையிலேயே சொல்லிவிடும்.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை, எழுதுகிறவருக்கு எபிரேயம் தெரியாவிட்டால்:

நூனுக்கு அடியில் இடப்பக்கம் நீளும் தட்டையான கோடு உண்டு. கிமெலுக்கு அந்தக் கோடு கிடையாது, அடியில் இடப்பக்கமாகச் சரிந்த ஒரு சிறு கால் மட்டும். இந்த இரண்டையும்தான் அதிகம் குழப்புவார்கள். ஆட்டத்தில் ஒன்றுக்கு எதுவுமில்லை, மற்றதற்கு எல்லாமே என்பதால் சண்டை வரும். ஹேயின் இடக்கால் மேல்கோட்டைத் தொடக் கூடாது. இடைவெளி விட்டே எழுத வேண்டும். வண்ணம் வழிந்து இடைவெளி மூடிக்கொண்டால் அது ஹெத் என்ற வேறு எழுத்து. ஷின் அடியில் சேர்ந்து மேலே மூன்று கிளை. பே எழுதினால் உள்ளே தொங்கும் சிறு நாக்கை மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் காஃப் ஆகிவிடும்.

விளக்கச் சீட்டுக்கு வருகிறேன். அந்த ஒளித்து வைத்த கதையை வரலாறாக எழுதாதீர்கள். அந்த அரசனை எதிர்த்து யூதர்கள் நடத்திய மக்கபேயர் கிளர்ச்சி தொடங்கியது பொ.ஆ.மு. 167-ல், எருசலேம் கோயிலை மீட்டுத் தூய்மைப்படுத்தியது 164-ல். இந்தக் கதை அச்சில் தலைகாட்டுவது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். டிரெய்டல் ஐரோப்பாவில் பரவலாக ஆடப்பட்ட நாற்பக்கச் சூதாட்டப் பம்பரத்தின் வழிவந்தது. லத்தீன் எழுத்துகள் பொறித்த வடிவமும் உண்டு. ஜெர்மன் பேசிய நிலங்களில் "ஒன்றுமில்லை, எல்லாம், பாதி, போடு" என்ற சொற்களின் முதலெழுத்துகள் அதில் இருந்தன. ஜெர்மனுக்கு நெருங்கிய இத்திஷ் மொழி பேசிய யூதர்கள் அதே சொற்களை எபிரேய எழுத்தில் இட்டார்கள்: நிஷ்ட், கான்ஸ், ஹால்ப், ஷ்டெல் ஐன். அற்புதம் பற்றிய வாசகம் அந்த நான்கு எழுத்தின் மேல் பிறகு ஏறியது. என் பார்வையில் உண்மைக் கதைதான் சுவையானது. சூதாட்டப் பொருளை எடுத்து அதில் விழாவின் பொருளைப் பொதித்தார்களே, அதை எழுதுங்கள். ஒளித்து வைத்த கதையை "என்று ஒரு மரபுக்கதை உண்டு" என்று கடைசி வரியில் சேர்க்கலாம். இன்னொரு செய்தியும் போடலாம்: நான்கு எழுத்தின் எண் மதிப்பு 50, 3, 5, 300. கூட்டினால் 358. மெசியா என்ற எபிரேயச் சொல்லின் மதிப்பும் அதுவே.

நாளைச் சரிபார்த்தீர்களா? ஹனுக்காவின் முதல் நாளான, எபிரேய நாள்காட்டியின் கிஸ்லேவ் 25 இந்த 2026-ல் டிசம்பர் 4, வெள்ளி மாலை தொடங்குகிறது. விழா 12-ஆம் தேதி சனி இரவோடு முடிகிறது. ஆக இரண்டு சப்பத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான யூத ஓய்வுநாள்) நடுவில் வருகிறது. வெள்ளி மாலையிலோ சனிப் பகலிலோ நிகழ்ச்சி வைத்தால் சப்பத் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் வர இயலாது. ஞாயிறு பிற்பகல் வசதி. மாலை வரை நீண்டு ஹனுக்கா விளக்கும் ஏற்றுவதானால் குறைந்தது அரை மணி எரியும் மெழுகுவத்தி வேண்டும். அந்த விளக்குகளின் ஒளியை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. எனவே அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் ஆடலாம் என்ற அழகான யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள்.

காய்களுக்குச் சாக்லெட் நாணயம் வாங்கினால் கோஷர் (யூத உணவு விதிக்கு ஏற்றது) முத்திரையைப் பாருங்கள். பால் கலந்ததா இல்லையா என்றும் பாருங்கள், இறைச்சி உணவுக்குப் பிறகு பால் பொருள் சாப்பிடமாட்டார்கள். பழைய வழக்கம் கொட்டைகள்தான், ஆனால் பொது இடத்தில் ஒவ்வாமை பிரச்சினை. பொத்தான் அல்லது உலர்ந்த பீன்ஸ் வைத்து ஆடிவிட்டு, முடிவில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே எண்ணிக்கையில் சாக்லெட் கொடுப்பது தொல்லையில்லாத வழி.

---

சோழிக்கணக்கு எழுதியது:

ஆட்டம் முடியாததற்கும் முதலில் சுற்றுகிறவர் கொழிப்பதற்கும் கணக்கு இருக்கிறது.

வழக்கமான விதி: ஆளுக்கு ஒரு காய் நடுவில். நூன் என்றால் ஒன்றுமில்லை. கிமெல் என்றால் நடுக்குவியல் முழுதும் அவருக்கு, உடனே எல்லாரும் மறுபடி ஒவ்வொன்று போட வேண்டும். ஹே என்றால் பாதி. ஷின் என்றால் ஒன்று போட வேண்டும்.

இரண்டு பேர் ஆடினால் இது நேர்மையான ஆட்டம். அதற்கு மேல் போனால் இல்லை. 1976-லேயே ராபர்ட் ஃபைனர்மன் என்ற கணிதவியலாளர் இதைக் காட்டினார். நான்கு பேர் ஆடும்போது முதல் சுற்றின் சராசரி வரவு 1.25 காய், இரண்டாவதற்கு 1.16, மூன்றாவதற்கு 1.10, நான்காவதற்கு 1.06. ஐந்து பேர் என்றால் முதல்வருக்கு 1.63, ஐந்தாமவருக்கு 1.31. காரணம் எளிது. நடுக்குவியல் நிரம்பியிருக்கும்போது சுற்றுவதே லாபம், முதல்வருக்கு எப்போதும் நிரம்பிய குவியல். ஹே வரவரக் குவியல் கரைகிறது, ஷின் போடும் ஒரு காய் அதை ஈடுகட்டப் போதவில்லை.

திருத்தம் ஷின்னில்தான். ஆட்டக்காரர் எண்ணிக்கையில் பாதி, அதை ஆளுக்குப் போடும் காயால் பெருக்கினால் வருவதே ஷின்னுக்கான காய். நான்கு பேர் ஒவ்வொன்று போட்டால் ஷின்னுக்கு 2. ஆறு பேருக்கு 3. ஐந்து பேர் என்றால் பாதி இரண்டரை, ஆகவே ஆளுக்கு 2 போட்டு ஷின்னுக்கு 5 வையுங்கள். அப்போது குவியலின் சராசரி எந்தச் சுற்றிலும் ஒரே அளவில் நிற்கும், யார் முதலில் சுற்றினாலும் ஒன்றே. ஹேயில் காயை உடைக்க முடியாததால் சிறிய பிசகு இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சிறுவர்களுக்கு ஷின் 5 என்பது கொடுமையாகத் தோன்றும். அதனால் ஐந்து பேரை ஒரே தட்டில் உட்காரவைக்காமல் இருப்பதே மேல். நான்கு பேர், ஷின்னுக்கு 2. அவ்வளவுதான்.

ஒற்றைப்படைக் குவியலில் மேல்நோக்கி முழுதாக்குவதே பரவலான வழக்கம்: 5 இருந்தால் 3. ஒரே காய் மிஞ்சியிருக்கும்போது ஹே வந்தால் அதை எடுத்துக்கொள்வார், குவியல் காலி. எனவே குவியலில் ஒன்று அல்லது பூஜ்யம் என்றாலே எல்லாரும் போட வேண்டும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். போடக் காய் இல்லாதவர் வெளியே. தட்டைத் தாண்டி விழுந்தாலும், எதிலாவது சாய்ந்து நின்றாலும் மறு சுற்று. இவ்வளவையும் ஒரு அட்டையில் எழுதித் தட்டின் பக்கத்தில் வைத்தால் நடுவர் வேலை உங்களுக்கு மிச்சம்.

நேரம்: காய்களைக் கூட்டினால் ஆட்டம் அதே விகிதத்தில் நீளாது, அதைவிட வேகமாக நீளும். சுற்றுகளின் எண்ணிக்கை காய் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குள் அடங்கும் என்று 2006-ல் தாமஸ் ராபின்சனும் சுஜித் விஜயும் நிறுவினார்கள். வர்க்கம் என்பது சின்ன விஷயமல்ல, 5 காயை 15 ஆக்கினால் 9 மடங்கு வரை போகலாம். கடைப் பொட்டலத்தில் 15 என்று எழுதியிருந்தால் அதை மறந்துவிட்டு ஆளுக்கு 6 கொடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் 25-ஆம் நிமிடத்தில் மணி அடித்து, கையில் அதிகம் வைத்திருப்பவர் வென்றார் என்று அறிவித்துவிடலாம்.

கையால் செய்த டிரெய்டல் என்பதால் ஒரு சோதனை. 100 முறை சுற்றி எழுத்து வாரியாகக் குறியுங்கள். ஒவ்வொன்றும் 25-க்கு அருகில் வர வேண்டும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 25-ஐக் கழித்து, வர்க்கம் எடுத்து, நான்கையும் கூட்டி 25-ஆல் வகுக்கவும். 7.81-க்கு மேல் போனால் சந்தேகம். உதாரணமாக 30, 22, 27, 21 வந்தால் 2.16, கவலையில்லை. 24, 37, 22, 17 வந்தால் 8.72, ஏதோ கோணல். ஆனால் நல்ல டிரெய்டலும் இருபதில் ஒரு முறை இந்தச் சோதனையில் தோற்கும். ஆகவே இன்னொரு நூறு சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

நூலகத்தோழி எழுதியது:

மிக்க நன்றி எல்லாருக்கும். ஷின்னுக்கு 2, ஆளுக்கு 6 என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு கேள்வி மட்டும். எழுத்தைச் செதுக்குவதா, வண்ணத்தில் எழுதுவதா? செதுக்கினால் ஒரு பக்கம் எடை குறைந்து சோதனையில் தோற்குமா? தோற்றால் எந்தப் பக்கத்தைச் சரிசெய்வது?

---

கடைசல்பட்டறை எழுதியது:

எடை குறையும், ஆனால் 1 மி.மீ. ஆழத்துக்குள் என்றால் கூர் பிசகுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பொதுவாக ஷின்தான் அதிக மரத்தைத் தின்னும், மூன்று கிளை அல்லவா. லேசான பக்கம் மேலே வர விரும்பும்.

சரிசெய்வதற்கு எதிரெதிர் முகங்களை நினைவில் வைத்தால் போதும். நூனுக்கு எதிரே ஹே, கிமெலுக்கு எதிரே ஷின். கிமெல் அடிக்கடி மேலே வந்தால் ஷின் பக்கம் கனம், அல்லது கூர் கிமெல் பக்கம் ஒதுங்கி ஷின் பக்கச் சரிவு அகன்றுவிட்டது. முதலில் நான்கு சரிவுகளின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். உயரம் சமமாக இருந்தால் மட்டுமே ஷின் முகத்தை 220 தாளில் தேய்க்கவும். ஐந்தாறு தேய்ப்புக்கு ஒருமுறை சோதிக்கவும்.

12 செய்ய வேண்டும், அரங்கில் பலர் கை படும் என்பதால் நான் வண்ணத்தைத்தான் சொல்வேன். அட்டையில் எழுத்தை வெட்டி அச்சாக வைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் தொட்டுத் தொட்டு ஏற்றுங்கள். தூரிகையில் வண்ணம் அதிகமானால் அச்சுக்கு அடியில் ஊறி, மேலே சொன்ன ஹே இடைவெளி மூடிக்கொள்ளும். எழுத்துக்கு முன்பே முகத்தில் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து உலரவிட்டால் வண்ணம் மரவரியில் பரவாது. எழுத்து காய்ந்தபின் இன்னொரு மெல்லிய பூச்சு. கூரில் வார்னிஷ் படாமல் டேப் சுற்றிவிடுங்கள். அங்கே ஒரு துளி திரண்டு உறைந்தாலும் செய்த வேலையெல்லாம் வீண். வாங்கும்போது குழந்தைகள் பொருளுக்கு ஏற்றது என்று எழுதிய நீர்வழி வார்னிஷாகப் பாருங்கள்.

யாராவது வீட்டிலிருந்து பழைய உலோக டிரெய்டலைக் காட்சிக்குக் கொண்டுவந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். கிழக்கு ஐரோப்பாவில் மர அச்சில் காரீயத்தை (நச்சு உலோகம்) உருக்கி ஊற்றித்தான் அந்தக் காலத்தில் செய்தார்கள். குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.